1.8-ஆ, 2.3-ஆ? முழங்காலுக்குப் பின்னால் உள்ள தமனிப் புடைப்பை அளப்பது பற்றி

மேலூரிலிருந்து ஒருவர் தம் தந்தையின் மூன்று பரிசோதனை முடிவுகளை அனுப்பிக் கேட்டிருக்கிறார். தந்தைக்கு வயது 68. அரசுப் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது ஆண்டுகளாகப் பீடி பிடிப்பவர், சர்க்கரை நோயும் உண்டு. வலது முழங்காலுக்குப் பின்னால் துடிக்கிற ஒரு வீக்கம். முதல் டாப்ளர் ஸ்கேனில் அது 1.8 சென்டிமீட்டர். இரண்டு வாரம் கழித்து மதுரையில் வேறோர் இடத்தில் எடுத்ததில் 2.3 சென்டிமீட்டர், உள்ளே ரத்த உறைகட்டி இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். மூன்றாவதாக எடுத்த ஆஞ்சியோகிராமில் தமனியின் அகலம் 9 மில்லிமீட்டர், புடைப்பு எதுவும் இல்லை. "2 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் காத்திருக்கலாம், மேலே என்றால் அறுவை சிகிச்சை என்கிறார்கள். நாங்கள் எந்த அளவை நம்புவது?" என்பது அவர் கேள்வி. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "வலது கால் சுண்டுவிரல் பத்து நாளாக நீலம் பாரித்திருக்கிறது. செருப்புக் கடி என்று விட்டுவிட்டோம்."

நான் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். மதுரையில் பல ஆண்டுகளாக ரத்தநாள ஸ்கேன் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முழங்காலுக்குப் பின்னால் உறைகட்டியோடு ஒரு புடைப்பு இருந்து, அதே காலில் ஒரு விரல் நீலமாகியிருந்தால், அந்தக் கட்டியிலிருந்து துணுக்கு உடைந்து கீழே போய் விரலின் சிறு நாளத்தை அடைத்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். செருப்புக் கடியாகவே இருக்கலாம். ஆனால் அதை ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர் பார்த்துச் சொல்லட்டும். அது துணுக்குதான் என்றால் 1.8-க்கும் 2.3-க்கும் நடுவே நீங்கள் நடத்தும் வழக்குக்கு வேலையே இல்லை. 2 சென்டிமீட்டர் என்ற கோடு தொந்தரவு எதுவும் தராத புடைப்புக்கு மட்டும்தான். தொந்தரவு தந்துவிட்ட புடைப்பை எந்த அளவில் இருந்தாலும் சரிசெய்யத்தான் சொல்வார்கள். ஆகவே இந்த வாரத்துக்குள் நிபுணரைப் பாருங்கள்.

இன்னொன்றையும் இப்போதே வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். திடீரென்று அந்தக் கால் கடுமையாக வலித்து, வெளிறி, சில்லிட்டு, மரத்துப்போனாலோ, விரல்களை அசைக்க முடியாமல் போனாலோ அது அந்த நிமிடத்து அவசரம். புடைப்பு முழுவதும் அடைத்துக்கொண்டது என்று பொருள். ரத்தம் போகாத தசை சுமார் ஆறு மணி நேரத்துக்குள் மீட்க முடியாத நிலைக்குப் போகத் தொடங்கிவிடும். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், விடியட்டும் என்று காத்திருப்பதும் காலைப் பறித்துவிடும். 108-ஐ அழைத்துவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதுவும் முக்கியமான கேள்விதான். ஒரே மனிதர், ஒரே தமனி, ஒரு மாதத்துக்குள் மூன்று அளவு. மூன்று இடத்திலும் பார்த்தவர்கள் தங்கள் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

முதலில் பெயர். நம் பக்கத்தில் ரத்தக்குழாய், நரம்பு, தசைநார் எல்லாவற்றுக்கும் 'நரம்பு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 'முட்டிக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது' என்று சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் சில மாதங்களைக் கழித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. இது நரம்பு அல்ல. நரம்பு சுருட்டல் எனப்படும் வெரிகோஸும் அல்ல, அது சிரையில், அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயில் வருவது. இது தமனி, இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். அதன் சுவர் தளர்ந்து ஓரிடத்தில் உப்பிவிடுவதைத்தான் அனியூரிசம் என்கிறார்கள். தமனிப் புடைப்பு என்று சொல்லலாம். பக்கத்தில் உள்ள நல்ல பகுதியைப்போல ஒன்றரை மடங்கு அகலமானால் அந்தப் பெயர் பொருந்தும். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பாப்லிட்டியல் தமனி ஆண்களுக்குச் சுமார் 7 முதல் 9 மில்லிமீட்டர் இருக்கும், பெண்களுக்குச் சற்றுக் குறைவு. ஆளின் உடல்வாகைப் பொறுத்து மாறும். அதனால்தான் ஒரே அளவுகோலை எல்லோருக்கும் வைக்காமல், அவரவர் தமனியின் நல்ல பகுதியையே அளவுகோலாக வைக்கிறோம். கை கால் தமனிகளில் வரும் புடைப்புகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு இந்த ஓரிடத்தில்தான் வருகின்றன. அடுத்த இடம் தொடைத் தமனிக்கு. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள், அறுபது வயதைத் தாண்டியவர்கள், புகைத்தவர்கள்.

வயிற்றுப் பெருந்தமனி புடைத்தால் பயம் வெடிப்பைப் பற்றியது. முழங்காலில் அப்படியல்ல, இங்கே வெடிப்பது அரிது. குழாய் அகன்ற இடத்தில் ரத்தம் சுழன்று தேங்கும், சுவரை ஒட்டி அடுக்கடுக்காக உறையும். உறைந்தது உடைந்து கீழே போகும், அல்லது ஒருநாள் குழாயையே மூடிவிடும். அதாவது பயப்பட வேண்டியது உறைகட்டிக்கு. உங்கள் மூன்று அளவுகள் முரண்படுவதற்கும் காரணம் அந்த உறைகட்டிதான்.

ஆஞ்சியோகிராமை எடுத்துக்கொள்வோம். உப்புத்தண்ணீர் வரும் போர்வெல் குழாயை எப்போதாவது அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டங்குலக் குழாய். உள்ளே உப்புப் படிந்து, பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருக்கும். ஆஞ்சியோகிராம் என்பது தமனிக்குள் சாய மருந்தைச் செலுத்தி, அந்தச் சாயம் ஓடுகிற வழியைப் படம் பிடிப்பது. அது தண்ணீரைக் காட்டும், குழாயைக் காட்டாது. உங்கள் தந்தையின் தமனியில் சுவரையொட்டி உறைகட்டி நிறைந்து, நடுவில் 9 மில்லிமீட்டர் வழி மிச்சமிருந்தால், படத்தில் அழகான, ஒழுங்கான தமனியாகத்தான் தெரியும். உறைகட்டி தமனியை மறுபடி 'சாதாரண' அகலத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே புடைப்பு உண்டா, எவ்வளவு என்று முடிவுசெய்ய ஆஞ்சியோகிராமைச் சான்றாக வைக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே எத்தனை தமனிகள் திறந்திருக்கின்றன என்பதைத்தான் அது நன்றாகச் சொல்லும். அதற்காக அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்து இரண்டு டாப்ளர்கள். ஸ்கேன் திரையில் தமனியின் வெளிச்சுவர், உட்சுவர், உறைகட்டி, ரத்த ஓட்டம் நான்கும் தெரியும். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது அளப்பவர் கையில் இருக்கிறது. வெளிச்சுவரிலிருந்து எதிர் வெளிச்சுவர் வரை, உறைகட்டியையும் சேர்த்து அளக்க வேண்டும். ஒருவர் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளந்தால் இரண்டு பக்கச் சுவரின் பருமனும் கழிந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்துவிடும்.

சாய்வு இன்னொரு காரணம். வாழைக்காயைக் குறுக்கே நேராக நறுக்கினால் சிறு வட்டம். அதையே சாய்த்து நறுக்கினால் பஜ்ஜிக்கு வாகான நீள்வட்டம். காய் ஒன்றுதான். புடைத்த தமனி நேராக ஓடுவதில்லை, வளைந்து நெளிந்து கிடக்கும். அதன் போக்கைப் பார்க்காமல் தோலுக்கு நேராக ஸ்கேன் கருவியை வைத்தால் தமனி சாய்வாக வெட்டுப்படும். 18 மில்லிமீட்டர் குழாய் 30 டிகிரி சாய்ந்தால் திரையில் 21 மில்லிமீட்டராகத் தெரியும். 2 சென்டிமீட்டர் கோட்டைத் தாண்டிவிட்டதல்லவா? நீளவாட்டில் பார்க்கும்போது இதற்கு நேர் எதிரான தவறு நடக்கும். நடுவில் போகாமல் ஓரத்தில் வெட்டினால், உண்மையில் 23 மில்லிமீட்டர் உள்ள புடைப்பு, மையத்திலிருந்து 7 மில்லிமீட்டர் தள்ளிய வெட்டில் 18-ஆகத் தெரியும். இந்தக் கணக்கை வேண்டுமென்றே உங்கள் எண்களை வைத்துப் போட்டேன். வளர்ச்சியே இல்லாமல் ஒரு புடைப்பு 1.8-ஆகவும் 2.3-ஆகவும் காட்சி தர முடியும். இரண்டு வாரத்தில் 5 மில்லிமீட்டர் வளர்ந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

இரண்டில் எது என்று படத்தைப் பார்க்காமல் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது அறிக்கையில் உறைகட்டியைக் குறிப்பிட்டு, 'குறுக்குவெட்டில், வெளிச்சுவர் முதல் வெளிச்சுவர் வரை' என்றும் எழுதியிருக்கிறார்கள். முதல் அறிக்கையில் உறைகட்டி பற்றிய பேச்சே இல்லை. எப்படி அளந்தோம் என்று எழுதியவரைத்தான் நான் நம்புவேன்.

இதில் எனக்குப் பிடிவாதம் வந்ததற்குக் காரணம் உண்டு. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தில், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு ஸ்கேன் செய்தேன். திரையில் வண்ண டாப்ளரைப் போட்டதும் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடுவது பளிச்சென்று தெரிந்தது. அந்த வண்ணத்தின் அகலத்தை அளந்து 11 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வண்ணத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. அதை நான் தசை என்று நினைத்தேன். சில மாதங்கள் கழித்து அவர் சில்லிட்ட காலோடு வந்தார். அப்போது வண்ணத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் அந்தச் சாம்பல் வளையம் முழுவதும் உறைகட்டி, வெளிச்சுவர் வரை 26 மில்லிமீட்டர். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, முதலில் வண்ணம் இல்லாமல் கறுப்பு வெள்ளையில் அளந்துவிட்டுத்தான் வண்ணத்தைப் போடுகிறேன். என்னிடம் பயிலும் பிள்ளைகளுக்கும் நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

நன்றாகச் செய்த ஸ்கேன் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் உங்களுக்கு உதவும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, கணுக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைப்போம், முழங்கால் சற்று மடங்கும். விறைத்து நீட்டிய காலில் பின்குழி இறுகி, தமனி பிடிபடாது. ஜெல் தடவியதும் வயதானவர்கள் 'சில்' என்று காலை இழுத்துக்கொள்வார்கள். ஒரு நிமிடம் விட்டு, கை வைத்துத் துடிப்பைப் பார்ப்பேன். இங்கே ஒரு விஷயம்: ஆரோக்கியமான பாப்லிட்டியல் துடிப்பு ஆழத்தில் இருப்பது, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கை வைத்த உடனே அகலமாக விரல்களைத் தள்ளிக்கொண்டு துடித்தால், ஸ்கேன் கருவியை எடுக்கும் முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஏற்கெனவே அடைத்துப்போன புடைப்பு துடிக்காது, கல்லாகக் கிடக்கும்.

பிறகு தொடையின் உட்புறத்திலிருந்து இறங்குவேன். தொடையின் கீழ்ப்பகுதியில் தசைகளுக்கு நடுவே தமனி நுழைந்து பின்பக்கம் வரும் வழிக்கு ஹண்டர் கால்வாய் என்று பெயர். 1785-இல் லண்டனில் ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர், முழங்காலுக்குப் பின்னால் பெரிய புடைப்போடு வந்த ஒரு குதிரை வண்டி ஓட்டுநருக்கு, புடைப்பில் கையே வைக்காமல் மேலே இந்தக் கால்வாயில் தமனியைக் கட்டிக் காலைக் காப்பாற்றினார். கிளை நாளங்கள் வழியாகக் கீழே ரத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்கள் தந்தையும் வண்டி ஓட்டியவர் என்பதால் இது நினைவுக்கு வந்தது. பஸ் ஓட்டியதால் இது வந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் விட வேண்டியது பீடியைத்தான், அதை இன்றே விடச் சொல்லுங்கள்.

கால்வாயிலிருந்து முழங்காலுக்குக் கீழே தமனி பிரியும் இடம் வரை முழு நீளத்தையும் பார்க்க வேண்டும். மிக அகலமான இடத்தைத் தேடி, தமனியின் போக்குக்குச் செங்குத்தாகக் கருவியைத் திருப்பி, குறுக்குவெட்டு வட்டமாகத் தெரிகிறதா என்று உறுதிசெய்துகொண்டு அளக்க வேண்டும். மேலேயும் கீழேயும் உள்ள நல்ல பகுதியையும் அளந்து எழுத வேண்டும். பக்கத்திலுள்ள சிரையை அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல சிரை மெத்தையைப்போல அமுங்கும். பெரிய புடைப்பு சிரையை நசுக்கி, காலை வீங்க வைத்து, சிரை அடைப்பு என்ற தோற்றத்தைத் தருவதும் உண்டு.

முழங்காலுக்குப் பின்னால் வீக்கம் என்றாலே பலர் நினைப்பது பேக்கர் நீர்க்கட்டியை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அது மிகச் சாதாரணம். திரையில் அது கறுப்புப் பை, உள்ளே ரத்த ஓட்டம் இருக்காது, மூட்டோடு ஒரு கழுத்தால் இணைந்திருக்கும். பார்க்காமலே ஊசி வைத்து நீரை உறிஞ்சிவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். முதலில் டாப்ளர், பிறகு ஊசி. ஆஞ்சியோகிராமுக்காகத் தொடை இடுக்கில் ஊசி போட்ட இடத்தில் வரும் போலிப் புடைப்பு வேறு வகை. அங்கே சுவர் அகல்வதில்லை, துளை வழியே ரத்தம் வெளியே கசிந்து பையாகிவிடுகிறது. உங்கள் தந்தைக்கு ஆஞ்சியோ அந்த வழியாகச் செய்திருந்து, இடுக்கில் வீக்கமோ துடிப்போ தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

முழங்காலுக்குக் கீழே மூன்று தமனிகள் பாதத்துக்குப் போகின்றன. மேலூர்க்காரருக்குக் கடைமடை என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தலைமடையில் தண்ணீர் புரண்டாலும், வழியில் வண்டல் அடைத்தால் கடைமடை வயலுக்கு வந்து சேராது. புடைப்பிலிருந்து உடையும் துணுக்குகள் இந்த மூன்று வாய்க்கால்களை ஒவ்வொன்றாக, வலி கூடத் தெரியாமல் தூர்த்துக்கொண்டே வரும். மூன்றும் திறந்திருக்கும்போது அறுவை சிகிச்சை செய்தால் பலன் நன்றாக இருக்கும். ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும்போது செய்தால், ரத்தம் போக மாற்றுவழியாக வைக்கும் குழாய் அடைபடும் வாய்ப்பு அதிகம். ஆகவே அகலத்தின் எண்ணைவிட, மூன்றில் எத்தனை திறந்திருக்கின்றன என்ற எண்ணுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். பாதத்தின் மேற்புறத் துடிப்பும், உட்கணுக்காலுக்குப் பின்னால் உள்ள துடிப்பும் கிடைக்கின்றனவா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. 0.9-க்குக் கீழே என்றால் ரத்த ஓட்டம் குறைவு. சர்க்கரை நோயாளிக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்புப் படிந்து இந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், உங்கள் தந்தைக்கு 1.4-க்கு மேல் வந்தால் 'மிக நன்று' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2 சென்டிமீட்டர் கோடு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர்களின் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தொந்தரவு இல்லாத புடைப்பு 20 மில்லிமீட்டரை எட்டினால் சரிசெய்யலாம் என்கிறது. அறுவை சிகிச்சை தாங்க முடியாத உடல்நிலை உள்ளவருக்கு, உறைகட்டி இல்லையென்றால் 30 வரை கூடக் காத்திருக்கலாம் என்கிறது. அதே வழிகாட்டுதல், 20-க்குக் குறைவாக இருந்தாலும் உறைகட்டியும் கீழே அடைப்பும் இருந்தால் சிகிச்சையை யோசிக்கச் சொல்கிறது. அறிக்கையில் 1.8 என்று கண்டவுடன் நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களுக்கு இந்தப் பகுதியை யாரும் படித்துக் காட்டுவதில்லை. அது எனக்கு மிகுந்த வருத்தம்.

உங்கள் மூன்று அறிக்கையிலும் இடது காலைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. ஒரு காலில் இது உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறு காலிலும் இருக்கும். பத்தில் நான்கு பேருக்கு வயிற்றுப் பெருந்தமனியிலும் இருக்கும், அங்கே 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் புடைப்பு. முழங்காலுக்காக வந்தவருக்கு வயிற்றில் கருவியை வைத்து, அவரே அறியாத பெரிய புடைப்பைக் கண்டு அன்றே அனுப்பி வைத்த அனுபவம் எனக்கு உண்டு. இதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் போதும். வயிற்றைப் பார்க்கக் காலையில் வெறும் வயிற்றில் போவது நல்லது. குடலில் காற்று நிறைந்தால் பெருந்தமனி மறைந்துவிடும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்பதால், அன்று காலை அதை எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை நிபுணர் அநேகமாக சி.டி. ஆஞ்சியோகிராம் கேட்பார். அது சுவரையும் உறைகட்டியையும் சேர்த்துக் காட்டும், நெளிந்த தமனியின் மையக்கோட்டைப் பிடித்துச் செங்குத்தாக அளக்கவும் முடியும். சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் முன்னதாகக் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். பைபாஸ் செய்வதென்றால் அவருடைய காலிலிருந்தே சிரையை எடுத்துத்தான் மாற்றுக்குழாயாக வைப்பார்கள். டாப்ளர் செய்கிறவரிடம் அந்தச் சிரை நன்றாக இருக்கிறதா என்று அதே நேரத்தில் பார்க்கச் சொன்னால் இன்னொரு நாள் அலைச்சல் மிச்சம். உறையிட்ட ஸ்டென்டை உள்ளிருந்தே பொருத்தும் வழியும் உண்டு. எது என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மதுரையில் கோரிப்பாளையத்தை ஒட்டிய அரசு ராஜாஜி மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய், அங்குள்ள காப்பீட்டுப் பிரிவிலும் விசாரியுங்கள். அறிக்கைத் தாள்களோடு மூன்று பரிசோதனைகளின் படங்களையும் குறுந்தகட்டில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். தாளில் எண்தான் இருக்கும், படத்தில்தான் அந்த எண்ணை எங்கிருந்து எங்கே வரை அளந்தார்கள் என்பது தெரியும். புறப்படும்போது தந்தையின் காலுறையைக் கழற்றிவிட்டு, செருப்போடு கூட்டிப்போங்கள். மருத்துவர் வேறெதையும் பார்க்கும் முன் அந்தச் சுண்டுவிரலைக் காட்டுங்கள்.